மலையூர் சைனீஸ் பார்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பஸ் ஸ்டாண்ட் பக்கமோ மார்க்கெட் இறக்கத்திலோ ஒரு சைனீஸ் கடை இருக்கும். நாலு மேஜை, வாசலை ஒட்டி ஒரு பெரிய அடுப்பு, பார்சலுக்குக் காத்து நிற்கும் ஐந்தாறு பேர். வேலைக்காகப் புதிதாக மலையேறி வந்தவர்களும், ஹாஸ்டல் பிள்ளைகளும், விடுமுறைக்கு வருகிறவர்களும் இந்தக் கடைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கோவையிலோ சென்னையிலோ இதே சாப்பாட்டை வாங்கிப் பழகியவர்கள்கூட இங்கே சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். குளிரும் உயரமும் அப்படி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையூர் சைனீஸ் கடையில் காய்கறியை நம்பி வாங்குங்கள், அடுப்பிலிருந்து இறங்கிய கால் மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டின் விளக்கம்தான்.

இது உண்மையிலேயே சீனச் சாப்பாடுதானா?

வேர் சீனாவில், வளர்ந்தது கொல்கத்தாவில். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொல்கத்தா அருகே சீனர்கள் குடியேறத் தொடங்கினார்கள். பின்னால் வந்த ஹக்கா என்ற சீனப் பிரிவினர் கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். அங்கேயே சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. நம் மெனு கார்டில் இருக்கும் ஹக்கா நூடுல்ஸ் அவர்கள் வழியாக வந்ததுதான். மஞ்சூரியன் இன்னும் புதியது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975-இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸ் சேர்த்துச் செய்த சிக்கன்தான் அதன் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. நம் கடை ஷெஸ்வான் சாஸில் காய்ந்த மிளகாயும் பூண்டும்தான் பிரதானம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் போடுகிற, நாக்கை மரக்கவைக்கும் மிளகு அதில் பெரும்பாலும் இருக்காது.

என்னைக் கேட்டால் இதுவும் இன்று நம் சமையல்களில் ஒன்று. சீனாவில் இப்படிச் செய்வதில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. நம் தெருக் கடையில் இதை அக்கறையாகச் செய்கிறார்களா என்று பாருங்கள், போதும்.

நீலகிரிக்கும் சீனர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலரை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து சின்கோனா தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். மலேரியாவுக்கான குயினைன் எடுக்கும் மரம் அது. விடுதலையான பிறகு சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். அந்நாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். இன்றைய கடைகளுக்கும் அவர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சீன உணவகமாகவே நெடுங்காலம் நடந்துவருவது ஊட்டி கமிஷனர்ஸ் ரோட்டு ஷின்கோஸ்; 1954-இல் தொடங்கியது.

முதல் தடவை போகிறேன். என்ன வாங்கலாம்?

வெஜ் ஃப்ரைட் ரைஸ் அல்லது வெஜ் நூடுல்ஸ், கூட ஒரு சூப். சிக்கன் இல்லாமல் என்ன சைனீஸ் என்று நினைக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். காரட், கோஸ், பீன்ஸ் மூன்றும் இந்த மண்ணில் விளைபவை. கேத்தி பாலாடா பக்கம் போனால், தோட்டத்திலிருந்து வந்த காரட்டை மிஷினில் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த லாரி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, மண்டிக்குப் போய், அங்கிருந்து வெளியூர்க் கடைக்குச் சேர்வதற்குள் காய் ஒன்றிரண்டு நாள் பழசாகிவிடும். இங்கே கடைக்காரர் காலையில் மார்க்கெட்டில் வாங்கியதை மாலையில் நறுக்குகிறார். பெரிய தீயில் காய் ஒரு நிமிடம்கூட வேகாது என்பதால், புதுக் காய்க்கும் வாடிய காய்க்கும் உள்ள வித்தியாசம் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். கோஸ் நறுக்கென்று கடிபட வேண்டும், காரட்டில் இனிப்பு இருக்க வேண்டும். பீன்ஸ் பச்சை மாறாமல் இருக்க வேண்டும்.

புரோக்கோலி, லீக்ஸ், செலரி, சைனீஸ் கேபேஜ் எல்லாமும் இங்கே விளைகின்றன. இவற்றில் பெரும்பகுதி வெளியூர்ப் பெரிய ஹோட்டல்களுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் மாஸ்டரிடம், "அண்ணா, இன்னைக்கு புரோக்கோலி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பூண்டு தூக்கலாகப் போட்டு வதக்கித் தருவார். ஊட்டிப் பூண்டுக்குக் காரமும் மணமும் அதிகம். விதைக்காக வடமாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையம்வரை வந்து வாங்கிப் போகிற பூண்டு அது. பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்துப் போடும் கார்லிக் ஃப்ரைட் ரைஸ் மெனுவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

நல்ல கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்பு வாசலில் இருப்பது நமக்கு வசதி. பார்சல் சொல்லிவிட்டு, மொபைலை எடுக்காமல் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். காலிச் சட்டியை முதலில் லேசாகப் புகைகிற வரை காயவிட வேண்டும். எண்ணெய் ஊற்றி ஒரு சுழற்று. முட்டையை உடைத்து ஊற்றியதும் அது பொரிந்து எழும்பும். அடுத்துப் பூண்டு, கோஸ், காரட். அப்புறம்தான் சாதம். சாதம் விழுந்த பிறகு சட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவார். சாதம் சட்டியின் சுவரில் ஏறி, தீயின் அனல் பட்டு, திரும்பி விழும். சோயா சாஸைச் சாதத்தின் தலையில் ஊற்றாமல், சூடான சட்டிச் சுவரில் வழியவிடுகிறவர் கைதேர்ந்தவர். சாஸ் அங்கேயே சுண்டி, அந்த வாசனை தெருமுனை வரைக்கும் போகும். கடைசியில் உப்பு, வெள்ளை மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். எல்லாம் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பத்துப் பேருடைய ஆர்டரை ஒரே சட்டியில் கொட்டிக் கிளறினால் இது எதுவும் நடக்காது. சட்டியின் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, சாதம் நசநசவென்று ஆகிவிடும். கூட்டம் நிற்கும்போதுகூட ஒரு தடவைக்கு இரண்டு மூன்று ப்ளேட்டுக்கு மேல் போடாத கடை எதுவோ அதுவே நல்ல கடை. காத்திருக்க வைத்தாலும் பரவாயில்லை. பொரிக்கிற எண்ணெயையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போய் நுரை கட்டியிருந்தால் அன்றைக்கு மஞ்சூரியனும் வேண்டாம், சிக்கன் 65-உம் வேண்டாம்.

ஊட்டியில் சில கடைகளில் நூடுல்ஸ் விறைப்பாக இருக்கிறதே, ஏன்?

தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது, அதனால்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் இது குறைந்துகொண்டே வரும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் கொதிநிலை ஏறக்குறைய 92, 93 டிகிரிதான், குன்னூரில் 94. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து, கீழே உள்ள கணக்கிலேயே நூடுல்ஸை எடுத்துவிட்டால் நடு வேகாமல் நிற்கும். பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் விட வேண்டும். மலையில் பழகிய மாஸ்டருக்கு இது கைக்கணக்கு. சமவெளியிலிருந்து புதிதாக வந்தவருக்குச் சில நாள் பிடிக்கும்.

சாதத்துக்குப் பெரும்பாலும் குக்கர் இருப்பதால் சிக்கல் இல்லை. எண்ணெயில் வதக்குவதும் பொரிப்பதும் உயரத்தால் தடைபடுவதில்லை. எண்ணெயை மாஸ்டர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சூடேற்றலாம். மலையூருக்கு இந்தச் சட்டிச் சமையல் இவ்வளவு பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பருப்பு வேக எடுக்கிற நேரத்தில் நாலு ப்ளேட் ஃப்ரைட் ரைஸ் இறங்கிவிடும்.

டிசம்பர், ஜனவரியில் மட்டும் பார்சலுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது?

கேஸ்தான் காரணம். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகித்தான் பர்னருக்கு வர வேண்டும். ஆவியாவதற்குச் சூடு தேவை. அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். உறைபனி விழும் இரவில் காற்றில் சூடு எங்கே இருக்கிறது? ஹை பிரஷர் அடுப்பு கேஸை மளமளவென்று இழுக்க இழுக்க, சிலிண்டர் மேலும் சில்லிட்டுப்போய் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி படியும், தீ இறங்கிவிடும். அதனால் சில கடைகளில் 19 கிலோ சிலிண்டர் இரண்டைச் சேர்த்து இணைத்திருப்பார்கள். தீ இறங்கியிருக்கும்போது மாஸ்டரை அவசரப்படுத்தாதீர்கள். அரைச் சூட்டில் செய்ததை வாங்கிக்கொண்டு போவதைவிடப் பத்து நிமிடம் நிற்பது மேல்.

வீட்டுக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் ஈரமானதையும் மொறுமொறுப்பானதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சூப், ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கிரேவி ஆகியவற்றுக்குச் சூடு காக்க வேண்டும். எவர்சில்வர் தூக்கில் வாங்குவதானால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதில் வெந்நீர் ஊற்றி மூடி எடுத்துப் போங்கள். மாஸ்டர் சாதத்தைப் போடுவதற்கு முன் கொட்டிவிடலாம். சில்லென்ற பாத்திரத்தில் போட்டால் பாதிச் சூட்டைப் பாத்திரமே குடித்துவிடும். மூடியதும் பழைய டவலிலோ கம்பளிச் சால்வையிலோ சுற்றிக்கொள்ளுங்கள். சூப்புக்கு ஃபிளாஸ்க் மாதிரி எதுவும் வராது. இந்த உயரத்தில் சூப் 92 டிகிரியில்தான் கிளம்புகிறது, பனியில் சீக்கிரம் இறங்கும்.

கோபி 65, ட்ரை மஞ்சூரியன், ஸ்பிரிங் ரோல் ஆகியவற்றுக்கு இதே வைத்தியத்தைச் செய்தால் கெட்டுவிடும். சூடான கோபியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடியதும் ஆவி மேலே எழும்பி, குளிர்ந்த மூடியில் பட்டு முத்து முத்தாகக் கோக்கும். ரோட்டு மேட்டில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் அத்தனையும் கோபியின் மேல் சொட்டிவிடும். வீட்டில் திறக்கும்போது மாவு கழன்று தனியாகக் கிடக்கும். மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அடியில் ஒரு காகிதம் போடச் சொல்லுங்கள். ஆறினாலும் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் ஒரு புரட்டுப் புரட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். ஆறிய சாதத்தை அப்படி மீட்க முடியாது.

மஞ்சூரியன் கிரேவியில் சாஸைத் தனியாக வாங்கிக்கொண்டு வீட்டில் கலக்கலாம். கேட்டால் தருவார்கள்.

பாத்திரம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்களா?

சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். நீலகிரி மாவட்டம் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இறங்கியது. மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1 முதல். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கேரி பேக், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூசிய காகித கப், தட்டு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே சூப்பைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிற கடையில் வாங்க வேண்டாம். சட்டத்தை விடுங்கள், கொதிக்கிற எண்ணெய்ச் சாப்பாட்டை அந்தக் கவரில் போட்டுச் சாப்பிட நமக்கே மனம் வரக்கூடாது. மேலே வீசிய கவர் ஓடையில் இறங்கி, சோலைக்குள் போய், யாராலும் எடுக்க முடியாத சரிவில் மாட்டிக்கொள்கிறது. வீட்டில் தூக்கோ சம்படமோ இருக்கிறது. எடுத்துப் போவதில் என்ன கஷ்டம்? சூப்புக்கு ஒன்று, சாதத்துக்கு ஒன்று, தொட்டுக்கொள்ள ஒன்று, ஆக மூன்று போதும். ஆர்டர் சொல்லும்போதே பாத்திரத்தையும் கொடுத்துவிடுங்கள். பார்சல் கட்டிய பிறகு நீட்டினால் கட்டிய டப்பா வீண்.

அஜினமோட்டோ போடுவார்களா? பயப்பட வேண்டுமா?

பெரும்பாலான கடைகளில் போடுவார்கள். 1908-இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் இருந்த ருசியைப் பிரித்தெடுத்தார்; அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. மோனோசோடியம் குளூட்டமேட் என்பது அதன் வேதிப்பெயர். தக்காளியிலும் காளானிலும் சீஸிலும் குளூட்டமேட் இயற்கையாகவே உண்டு. சீன உணவகத்தில் சாப்பிட்டால் மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று 1968-இல் ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான் இந்தப் பயம் பரவியது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்லாமல் கொடுத்துச் செய்த சோதனைகளில் அந்தக் கோளாறு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நிரூபணம் ஆகவில்லை. அளவாகச் சேர்த்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. நம் நாட்டு விதிப்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சேர்க்கக் கூடாது.

நான் அதைவிட உப்பைப் பார்த்துத்தான் கவலைப்படுவேன். சோயா சாஸிலேயே உப்பு மிக அதிகம். அதற்கு மேல் தனி உப்பு, அதற்கு மேல் அஜினமோட்டோ. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், "சோயா கம்மி, உப்பு கம்மி" என்று சொல்லி வாங்குங்கள். அஜினமோட்டோ வேண்டாம் என்றாலும் போடாமல் தருவார்கள். பெயர் சொல்லத் தயங்க வேண்டாம், இது எல்லா மாஸ்டருக்கும் பழகிய வேண்டுகோள்.

கோபி மஞ்சூரியன் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது?

காஷ்மீரி மிளகாய்த்தூளில் வரும் சிவப்பு கொஞ்சம் பழுப்பு கலந்தது. அதைத் தாண்டிக் கண்ணைப் பறித்தால் கலர் பொடி போட்டிருக்கிறார்கள். பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அதற்குத் தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. விரலில் ஒட்டிய சிவப்பு சோப்புப் போட்டும் போகவில்லை என்றால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். "கலர் போடாம குடுங்க" என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்தாலே கடைக்காரர்கள் மாற்றிக்கொள்வார்கள். நிறத்தைக் கேட்டு வாங்குகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள்.

மாலை போட்டிருக்கிறேன். சைனீஸ் கடையில் சாப்பிடலாமா?

கார்த்திகை, மார்கழியிலும் தைப்பூசம் நெருங்கும்போதும் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். வெஜ் என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரே சட்டியில் முட்டை அடித்துவிட்டுத் துடைத்து அடுத்ததைப் போடுவது இந்தக் கடைகளில் வழக்கம். சிக்கன் 65-உம் கோபியும் ஒரே எண்ணெயில் பொரியலாம். வெஜ் சூப்புக்குச் சிக்கன் வேகவைத்த தண்ணீரை ஊற்றுகிற கடைகளும் உண்டு. விரத காலத்தில் சைவ ஹோட்டல்களுக்குப் போய்விடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் அங்கே பலவற்றில் சைனீஸ் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். விரதம் இல்லாத சைவர்களும் சட்டி, எண்ணெய், கரண்டி மூன்றும் தனியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க: நூடுல்ஸில் மட்டுமல்ல, சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

ஒரு ஃபுல் எத்தனை பேருக்கு வரும்?

கடைக்குக் கடை மாறும். பெரியவர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு, முதல் தடவை ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

முட்டை ஃப்ரைட் ரைஸ், பச்சை மிளகாயும் சில்லி சாஸும் இல்லாமல். ஸ்வீட் கார்ன் சூப்பும் சரிவரும்.

மோமோவும் துக்பாவும் இதில் சேர்த்தியா?

இல்லை. அவை திபெத்திய, நேபாளச் சமையல். குளிருக்குத் துக்பா அருமையான சாப்பாடு. நூடுல்ஸ், காய், சூப் எல்லாம் ஒரே கிண்ணத்தில். மோமோ கேட்டால் ஆவியில் வைத்ததை உங்கள் கண் முன்னே எடுத்துத் தருகிற கடையில் வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. தொட்டுக்கொள்ளக் காரச் சட்னியே போதும்.

மீந்த ஃப்ரைட் ரைஸை மறுநாள் சாப்பிடலாமா? ஊட்டிக் குளிருக்குக் கெடாதே?

கெடும். சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சாதம் வெளியில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவருகிற அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நமக்கு நடுங்குகிறது என்பதால் சமையலறை ஃபிரிட்ஜ் ஆகிவிடாது; ஆள் இருக்கிற வீட்டுக்குள் 10, 15 டிகிரி இருந்தாலே கிருமிக்குப் போதும். வாங்கி வந்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க மேஜையில் இருந்ததை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிட வேண்டியதுதான்.

கொட்டுவதென்றால் எங்கே? வியூ பாயிண்டில் காரை நிறுத்திச் சாப்பிடலாமா?

காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாப்பிடலாம். மிச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு வரக் கூடாது, குரங்குக்கும் போடக் கூடாது. குன்னூர், கோத்தகிரியில் கரடிகள் இரவில் குடியிருப்புக்குள் வந்து கதவை உடைப்பது புதிதல்ல. எண்ணெய் வாசனைக்கும் இனிப்புக்கும் அவை வரும். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வீசிய சில்லி சிக்கன் எலும்பும் சாஸ் டப்பாவும் அடுத்த நாள் அதே வழியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. வீட்டு வாசலிலும் இரவில் குப்பை வைக்காதீர்கள். காலையில் தூய்மைப் பணியாளர் வரும்போது, மக்கும் குப்பையில் சேர்த்துக் கொடுங்கள். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்கே அனுமதி இல்லை. அங்கே பொட்டலத்தைப் பிரிக்கும் பேச்சே வேண்டாம்.

கடை மூடும் நேரத்தில்தான் போக முடிகிறது. என்ன கேட்கலாம்?

பனி இறங்கியதும் தெரு சீக்கிரமே அடங்கிவிடுவதால், இங்கே பல கடைகள் நகரத்துக் கடைகளைவிட முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசி நேரத்தில் பொரித்ததை வாங்காதீர்கள், எண்ணெய் காலையிலிருந்து காய்ந்தது. நூடுல்ஸும் மதியம் வேகவைத்தது தீர்ந்து அடிப்பாகம் ஒட்டிப்போயிருக்கும். முட்டை ஃப்ரைட் ரைஸ், ஒரு பெப்பர் சூப், கூடவே வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் கொஞ்சம். மாஸ்டர் சட்டியைக் கழுவுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.